காற்று அடிக்கிறவள்

எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த வேடிக்கைப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். அதுவும் என்னைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரையாவது அல்சூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த உபதேசியாராக இருக்கலாம், அப்பாவின் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவாக இருக்கலாம். யாராக இருந்தாலும் கூடத்துச் சுவரைப் பார்க்காமல் ஒரு வாய் காபி குடித்துவிட முடியாது. சுவரில் ஆறு சட்டங்கள். முதல் இரண்டும் அண்ணனுடையவை. ஒன்றில் மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பில் தேறிய தாள், இன்னொன்றில் அதற்குக் கிடைத்த மெடல். அவன் அப்போது சென்னையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். மீதி நான்கும் அக்காவுடையவை.

வருஷத்துக்கு ஒரு தடவை லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறி வந்து, தண்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சங்கீதப் பரீட்சை வைப்பார். கன்டோன்மென்ட்டை நாங்கள் தண்டு என்றுதான் சொல்வோம். அந்தப் பரீட்சைக்குப் போய் உட்காருகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளும், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும்தான். எங்கள் அக்கா ஒருத்திதான் தாவணி கட்டிக்கொண்டு போய் நான்கு தடவையும் தேறினாள். அப்பா ராணுவக் கிடங்கு ஆபீஸில் ஹெட் கிளார்க். துரையிடம் ஒரு நாள் லீவு கேட்பதற்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மனுஷனுக்கு, அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் மட்டும் குரலே வேறாகிவிடும்.

"இது மொத பரீட்சை. இதைப் பாருங்க, இதுல டிஸ்டிங்ஷன். அந்த வெள்ளைக்காரரே எழுந்து நின்னு கை குடுத்தாருன்னா பாத்துக்கோங்களேன்."

பிறகு அக்கா, காலால் மிதித்து வாசிக்கிற கால் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டு வாசிப்பாள். வந்தவர் தலையை ஆட்டுவார். அதற்கப்புறம் ஒரு மூலையில் நிற்கிற என் பக்கம் மரியாதைக்காகத் திரும்பி, "பாப்பா என்ன வாசிக்கும்?" என்பார். அப்பா இதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் சாய்வார்.

"இவளா? இவ காத்து அடிக்கிறவ."

சிரிப்பு. என் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஐந்து வருஷம், ஞாயிறு தவறாமல் அதே பேச்சு, அதே சிரிப்பு. ஒரு தடவையாவது மாற்றிச் சொன்னாரா என்றால் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் தமிழ்க் கோயிலில் குழல் வைத்த பெரிய ஆர்கன் ஒன்று இருந்தது. பட்டாளத்துக் கோயிலில் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை எங்கள் சபைக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குக் கரண்டு கிடையாது. பின்பக்கம், மரத்தடுப்புக்கு அப்பால், ஒரு துருத்தி. அதை ஒருத்தர் நின்று அடித்துக்கொண்டே இருந்தால்தான் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கட்டையை அழுத்தும்போது சத்தம் வரும். கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்பிள்ளைதான் முதலில் அதையும் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஆர்கனில் உட்கார ஆரம்பித்ததும் அப்பா அவரை நகர்த்திவிட்டார். "வாசிக்கிறது என் பொண்ணு, காத்தும் என் பொண்ணே அடிக்கட்டும் ஐயரே" என்று எங்கள் பாதிரியாரிடம் சொல்லி, ஒன்பது வயசில் என்னைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார். ஊருக்கு முன்னால் எல்லாமே தன் வீட்டுச் சரக்காக இருக்க வேண்டும் அவருக்கு.

தடுப்பின் உள்பக்கத்தில் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். தோல்பையில் காற்று நிரம்ப நிரம்ப குண்டு கீழே இறங்கும். காற்று குறையக் குறைய மேலே ஏறும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும். மரத்தில் இரண்டு பென்சில் கோடுகள் போட்டிருந்தன. குண்டு மேல்கோட்டுக்கு ஏறிவிட்டால் ஆர்கன் செத்துவிடும். கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கினால் பழைய தோல் கிழிந்துவிடும். கோயில்பிள்ளை முதல் நாளே சொல்லிவிட்டார்: "நடுவுல வச்சுக்கோ பாப்பா, அவ்ளோதான் வேலை."

அக்கா வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் குதிகாலால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவாள். அது எனக்கு உத்தரவு. உடனே பிடியை இழுத்து அடிக்க ஆரம்பிப்பேன். ஐந்து வருஷமும் எனக்குக் கோயில் என்றால் ஒரு மரப்பலகை, ஒரு ஈயக்குண்டு, வௌவால் நாற்றம். ஐயர் முகத்தைப் பிரசங்க நேரத்தில்தான் பார்ப்பேன். ஆனால் காது இருந்ததே. எந்தப் பாட்டின் எந்த அடியில் எவ்வளவு காற்று போகும், கடைசிச் சரணத்துக்கு அக்கா எல்லாக் குழலையும் திறக்கும்போது எத்தனை இழுப்பு கூடுதலாக வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் ஒரு கட்டை தப்பாக அழுத்தினால் என் கைக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு வித்தை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அக்காவை எனக்குப் பிடிக்கும். ராத்திரி ஒரே போர்வைக்குள் படுப்போம். அவள் என் தலையில் பேன் பார்ப்பாள், நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பேன். அதே அக்கா மேல் எனக்கு வயிற்றெரிச்சலும் இருந்தது. அப்பா சுவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த நான்கு கண்ணாடிகளும் பொத்தென்று விழுந்து நொறுங்க வேண்டும் என்று ஜெபித்திருக்கிறேன். ஜெபம் என்றால் கண்ணை மூடி, கையைக் கூப்பி, ஒழுங்கான ஜெபம்.

எனக்குப் பதினாலு வயசு, அக்காவுக்குப் பத்தொன்பது. அந்த வருஷம் தண்டில் ஒரு இங்கிலீஷ் கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த துரைசானி சீமைக்குத் திரும்பப் போவதாகப் பேச்சு வந்தது. அவளுக்குப் பதிலாக ஆள் தேடினார்கள். எங்கள் ஐயர் அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை அன்றைக்கு வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்று துரைசானி பதில் அனுப்பிவிட்டாள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்காரியிலிருந்து தபால்காரன் வரைக்கும் எல்லோரிடமும், "வெள்ளைக்காரன் கோயில்ல நம்ம பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரிக்குக் கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

அதே மாதம் இன்னொரு காரியமும் வந்தது. தங்கவயலில் சுரங்க ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர், மனைவி செத்துப்போய் இரண்டு பிள்ளைகள், அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். சபையில் மதிப்பானவர், நாற்பதைத் தொட்டவர். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும் என்றார்.

ஏரிக்கரையோரமாக நடந்து வரும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "அந்த வேலை கெடச்சிட்டா அப்பா என்னை எங்கயும் அனுப்ப மாட்டாருடி. ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கணும் இல்ல? கெடைக்கலேன்னா அந்தத் தங்கவயல் ஆளுதான். எனக்கு அந்த வீட்டுக்குப் போக வேணாம். அங்க ஆர்மோனியம்கூடக் கெடையாதாம்."

"கெடைக்கும்க்கா."

"நீ நல்லா அடிச்சினா கெடைக்கும்." என் சடையைப் பிடித்து இழுத்தாள். "காணிக்கை நேரத்துல தனியா வாசிக்கிறது ரொம்ப நீளம். கை வலிக்குதுன்னு நடுவுல ஸ்லோ பண்ணிடாத, என்ன?"

மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். அப்போது மனசாரத்தான் பண்ணினேன்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை. அம்மா பஜாருக்குப் போயிருந்தாள். அக்கா புழக்கடையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே. கூடத்தில் நானும் கால் ஆர்மோனியமும். அதை நான் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம். "உன் கை பட்டா கட்டை ஒடைஞ்சிடும்" என்பார் அப்பா. துருத்தி அடித்து என் கை முரடாகிவிட்டதாம். யாரால் முரடாயிற்று என்று கேட்க அன்றைக்கு வாய் இல்லை.

உட்கார்ந்தேன். மிதித்தேன். அக்கா பண்டிகைக்காகப் பழகிக்கொண்டிருந்த அந்த நீளமான பாட்டை முதலிலிருந்து பிடித்தேன். விரல் தடுமாறியது, ஆனால் காற்று தடுமாறவில்லை. அந்த வீட்டில் யாரும் என் மாதிரி மிதித்ததில்லை. அக்கா மிதித்தால் பெட்டி நடுநடுவே மூச்சு வாங்கும். எனக்கு வாங்கவில்லை. இரண்டாம் பாகத்துக்கு வரும்போது விரலும் சொன்ன பேச்சைக் கேட்டது.

வெளியே கேட் திறந்தது. அப்பாவும் இன்னொருவரும். செருப்புச் சத்தம் வாசலில் நின்றது.

"நில்லுங்க, நில்லுங்க, உள்ள போகாதீங்க. ஒரு நிமிஷம் இப்படியே கேளுங்க." அப்பாவின் குரல் தணிந்து வந்தது. "என்னா ஒரு வாசிப்பு பாருங்க. என் பொண்ணு."

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. என்னைப் பற்றி அந்தக் குரலில் அவர் அதற்கு முன்னால் பேசியதே இல்லை. அக்காவை நினைத்துத்தான் சொல்கிறார் என்று புரியாத வயசா எனக்கு? புரிந்தது. இருந்தாலும் வாசிக்கிற கை என்னுடையது. நிறுத்தாமல் கடைசி வரைக்கும் வாசித்தேன்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். சிரித்த முகம் அப்படியே நின்று, பிறகு கோணிக்கொண்டது.

"இந்தப் பாப்பாவா வாசிச்சது?" என்றார் வந்தவர்.

அப்பா இரண்டே எட்டில் வந்து ஆர்மோனியத்தின் மூடியை அடித்துச் சாத்தினார். ஒன்பது விரலை இழுத்துக்கொண்டேன், சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. "பரீட்சை பாஸ் பண்ணவ வாசிக்கிற பெட்டி இது. ஒடைக்கவா பாக்குற?" அவர் கை ஓங்கியிருந்தது. அடுத்தவர் எதிரில் முட்டாளாக்கிவிட்டேன், அதற்கு.

அதற்குள் அக்கா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "நான்தான்பா சொல்லிக் குடுத்தேன். நான்தான் ஒக்காந்து வாசிக்கச் சொன்னேன்."

ஓங்கின கை இறங்கியது. அப்பா வந்தவர் பக்கம் திரும்பினார், சுவர் முன்னால் நிற்கிற குரல் அவருக்குத் திரும்பிவிட்டது. "பாத்தீங்களா? வாசிக்கிறது மட்டும் இல்ல, சொல்லிக் குடுக்கவும் செய்றா. காத்து அடிக்கிறவளுக்கே பாட்டு சொல்லிக் குடுத்துட்டான்னா அவ எப்படிப்பட்ட டீச்சர்னு பாத்துக்கோங்க."

வந்தவர் சிரித்தார். அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

அக்கா எனக்கு ஒரு கட்டைகூடச் சொல்லிக் கொடுத்தது கிடையாது. நானாகக் கேட்டு, நானாக எடுத்தது. என் ஆயுசில் எனக்கென்று இருந்த ஒரே ஒரு பொருளை அவள் எல்லோர் எதிரிலும் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு சிரிக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். சுண்டுவிரல் நகம் கறுத்துப்போயிற்று. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தை ஓட்டினேன்.

என்னையும் அறியாமல் நடந்துவிட்டது என்று இப்போது சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். பொய். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குப் புதன்கிழமையே தெரியும்.

அறுப்பின் பண்டிகைக்குக் கோயில் நிறைந்திருந்தது. தூணுக்குத் தூண் கரும்பு கட்டியிருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் கேழ்வரகுக் கதிர், வாழைத்தார், பூசணிக்காய். ஆராதனைக்குப் பிறகு ஏலம் போடுவதற்காக யாரோ கொண்டுவந்த சேவல் ஒன்று காலைக் கட்டி வாசல் பக்கம் கிடந்தது. முதல் பெஞ்சியில் துரைசானியும் இரண்டு துரைமார்களும். அவர்களுக்கு நேர் பின்னால் அப்பா, கறுப்புக் கோட்டில், உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் தடுப்புக்குள் போகுமுன் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, வேதத்துச் சங்கீதம், எதிலும் ஒரு குறை இல்லை. நான் அவ்வளவு நன்றாக அடித்தது அன்றைக்குத்தான். காணிக்கைத் தட்டு கிளம்பியது. குதிகால் இரண்டு தட்டு தட்டியது. பையை நிறைத்துக் கொடுத்தேன். அக்கா ஆரம்பித்தாள். என்ன வாசிப்பு அது, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இரண்டாம் பாகம் வந்தது. எல்லாக் குழலையும் திறந்தாள்.

நான் பிடியை விட்டேன்.

குண்டு மெதுவாக ஏறியது. நடுவைத் தாண்டியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். மேல்கோட்டை அது தொட்டதும் ஆர்கன் சுருதி இறங்கி, இழுத்து, கன்றைப் பிரிந்த மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அந்த அமைதியில் வாசலில் கிடந்த சேவல் கூவியது. பின் பெஞ்சியில் யாரோ பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் குதிகால் இரண்டு தட்டு தட்டியது. நான் அசையவில்லை. மறுபடியும் இரண்டு. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, இன்னும் இரண்டு. கெஞ்சுகிற தட்டு அது. எனக்கு நன்றாகவே புரிந்தது. கறுத்த நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வந்தார். தடுப்புக் கதவை இழுத்து உள்ளே நுழைந்து, தொடைக்கு அடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கோட்டோடு பிடியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அக்கா மறுபடியும் எடுத்தாள்.

ஐந்து வருஷமாக என்னைச் சொல்லிச் சிரித்த மனுஷன் ஒரு நாளாவது அந்தத் தடுப்புக்குப் பின்னால் வந்து பார்த்ததில்லை. குண்டு இறங்குவதைப் பார்த்து, காற்றுதான் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். "எறங்குது, எறங்குது" என்று முணுமுணுத்தபடி இன்னும் வேகமாக அடித்தார். குண்டு இன்னும் இறங்கியது. நெற்றியில் வேர்வை கொட்டியது. கீழ்க்கோட்டுக்கு அரை விரற்கடை இருந்தது. நிறுத்துங்கப்பா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் அடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற மாதிரி சத்தம் வந்தது. தோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கிழிந்து, தூசியும் காற்றும் எங்கள் முகத்தில் அடித்தன. அதற்கப்புறம் அந்த ஆர்கனில் ஒரு சத்தமும் வரவில்லை. ஐயர் தானாகவே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொடுத்து ஆராதனையை முடித்துவைத்தார். ஏலம் நன்றாகவே நடந்தது. அந்தச் சேவலுக்கு நல்ல போட்டி.

துரைசானி வாசலில் நின்று அக்காவின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை இதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் ஒரு சட்டைக்காரப் பெண்ணுக்கு அந்த வேலை ஆயிற்று.

என்னை அப்பா காட்டிக் கொடுக்கவில்லை. துரைசானியிடமும் ஐயரிடமும், சின்னவளுக்கு மயக்கம் வந்து விழுந்துவிட்டாள், ரொம்பப் பூஞ்சை உடம்பு என்று சொன்னார். பிள்ளை மேல் அவருக்கு எவ்வளவு இரக்கம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். தன் பிள்ளை வேண்டுமென்றே கையை எடுத்தாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். மயக்கம் போட்டு விழுகிற பிள்ளை என்றால் அதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்குத் தெரியும்டீ, மயக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. போன சனிக்கிழமை அவ வந்து, நான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லலேன்னா உங்கப்பா உன் முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு. உன்னைக் காப்பாத்தத்தான் அவ அந்தப் பொய்யைச் சொன்னா. அவ வாயில மண்ணைப் போட்டுட்டியே, பாவி."

அதுவரைக்கும் அந்தக் கோணத்தில் எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

படுக்கும்போது அக்கா கேட்டாள்: "மயக்கமாடீ?"

"ஆமாக்கா."

"மூணு தடவை தட்டினேன்" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எனக்குப் பேன் பார்க்கவில்லை.

தங்கவயலுக்குச் சரி என்று ஆள் போயிற்று. ஜனவரியில் கல்யாணம். அதே கோயில், ஆர்கன் தோல் கிழிந்தபடியே கிடந்தது. வீட்டுக் கால் ஆர்மோனியத்தை ஜட்கா வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தார்கள். யார் வாசிப்பது? கல்யாணப்பெண் தன் கல்யாணத்துக்குத் தானே வாசிக்க முடியாது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "இவ ஏதோ வாசிப்பா" என்று ஐயரிடம் சொன்னார். வாசித்தேன். அக்கா முகத்தில் வலை போட்டுக்கொண்டு நடந்து வந்தாள், நான் அவளைப் பீடம் வரைக்கும் வாசித்துக் கொண்டுபோய் விட்டேன். ஒரு கட்டை தப்பவில்லை. வெளியே வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, "யாருங்க வாசிச்சது? ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்கள். அப்பா ஒரு கணம் யோசித்தார். அந்தக் கணத்தை நான் பார்த்தேன்.

"என் பொண்ணு" என்றார்.

அன்றைக்கு என் கல்நெஞ்சு என்ன பாடுபட்டது தெரியுமா? ஒரு பாடும் படவில்லை. இனித்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆயின. ஆட்கள் வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். நான் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்பா அந்த நான்கு சட்டங்களுக்கு முன்னால் நின்று, "எல்லாம் என் பொண்ணு பாஸ் பண்ணது" என்பார். எந்தப் பொண்ணு என்று சொல்ல மாட்டார். பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கும், யாரும் கிட்டப் போய்ப் பெயரை வாசிக்க மாட்டார்கள். வந்தவர்கள் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன். காற்று அடிக்கிறவள் என்ற பேச்சு அந்த வீட்டிலிருந்து மறைந்தே போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து அக்கா வந்தாள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு. இளைத்திருந்தாள். விரல் கணுக்களெல்லாம் சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்திருந்தன. நெட்டி முறிக்கலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவள் கூடத்துக்குள் வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். சட்டங்கள் இருந்தன. பிறகு ஆர்மோனியத்தின் பக்கம் போகாமல் சுவரோரம் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ஞாயிறு. எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த ஐயரையும் அவர் மனைவியையும் அப்பா கூட்டிவந்திருந்தார். சட்டங்களைக் காட்டி முடித்தார். "எல்லாம் என் பொண்ணு பாஸ் பண்ணது" என்றார், ஆனால் குரல் கொஞ்சம் வேகமாக ஓடியது. ஐயரம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாயில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தாள்.

"இவங்க?"

"பெரியவ" என்றார் அப்பா. "தங்கவயல்ல குடுத்திருக்கோம்."

"அப்படியா. நீங்களும் வாசிப்பீங்களாம்மா?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் ஆர்மோனியத்தின் மேல் வைத்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. அந்தச் சட்டங்கள் அவளுடையவை என்று.

"நானாங்க?" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "நான் காத்து அடிக்கிறவங்க."

ஐயரம்மாவுக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தாள். அப்பா சட்டென்று திரும்பி, "வாசிம்மா, வாசி" என்றார் என்னிடம்.

மிதியில் காலை வைத்தேன். விரலைக் கட்டையில் வைத்தேன். பின்னால், பாயில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அக்கா குதிகாலால் தரையில் இரண்டு தட்டு தட்டினாள்.

என் கால் ஓடவில்லை. ஐயர் தொண்டையைச் செருமினார். அப்பா, "என்னம்மா?" என்றார்.

"மயக்கமா இருக்கும்பா" என்றாள் அக்கா. குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சின்னதுலேந்தே அவளுக்கு அப்படித்தான்."

"ஆமாங்க, ரொம்பப் பூஞ்சை உடம்பு இவளுக்கு" என்று அப்பா ஐயரிடம் எடுத்துச் சொன்னார். அதைச் சொல்லும்போதே சுவர் முன்னால் நிற்கிற குரல் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. ஐயரம்மா எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்துவிட்டு, இரண்டு பாட்டு வாசித்தேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். சாயங்கால ரயிலுக்கு அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.